அடுப்பில் போன கொப்பி

என் அலுமாரியில், பழைய அடையாள அட்டைக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புத் தாள் இருக்கிறது. நடுவில் ஊசிமுனை அளவு துளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலத்தில், லேசர் கதிர் நேராக விழுகிறதா என்று எங்கள் பேராசிரியர் சுட்டுப் பார்த்த தாள் அது. "இந்த ஒளியைப் பெரிசாக்கி, எல்லாப் பக்கத்தாலயும் ஒரு ஐதரசன் குறுணியில விட்டால், சூரியன் எரியிற மாதிரி எரியும் பிள்ளை" என்று சொல்லி என்னிடம் தந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால், தமிழர் என்று தெரியாமலிருக்க, வாசிக்கத் தெரியாத சிங்களப் பத்திரிகையை பஸ்ஸில் விரித்துப் பிடிப்பார். அவ்வளவு பயம். குறுணியைக் கதிர்கள் ஒரே சமமாக அழுத்தாவிட்டால், ரொட்டி மாவு விரலிடுக்கில் பிதுங்குவதுபோல் நழுவிவிடுமாம். அதைத் தடுக்கும் வழியை இரண்டு வருடம் கணித்து ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அதற்காகக் காத்திருந்தது. வேறு பிரதி இல்லை. தன் அறையைச் சோதிப்பார்கள் என்று நடுங்கி, அதை என்னிடம் ஒப்படைத்தார்.

நாங்கள் குடியிருந்த மஹய்யாவில், மேல் வரிசை வீடுகளில் ஆமி சோதனை தொடங்கினால், எங்கள் கீழ் வரிசையில் எல்லா அடுப்பும் புகையும். கடிதம், படம், துண்டுச்சீட்டு, எதையும் வைத்திருக்க மாட்டோம். அந்த ஞாயிறு காலையும் ஜீப் சத்தம் கேட்டது. அம்மா கொப்பியைப் பிரித்தார். நடுவில் ஒரு உருண்டை, சுற்றிவரக் கோடுகள்.

"என்னாடி இது, குண்டு மாதிரி இருக்கு! போடு அடுப்புல!"

போட்டேன். தயங்கவில்லை. ஆனால் ஜீப் தண்ணிக் குழாயடியிலேயே திரும்பிப் போய்விட்டது. எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை.

மறுநாள் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் பொய்யைச் சொல்லிவிட்டது. "ஆமிக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சேர்." அவர் குடையை எடுத்தார். "பொலிசில கேட்டுப் பாத்திட்டு வாறன்."

பத்திரிகைக்குப் பின்னால் ஒளியும் மனிதர், தானாகவே பொலிசுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன், வாசல்வரை ஓடினேன். உண்மையைச் சொல்லவில்லை. அவர் உள்ளே போனார். எதிர்ப்பக்கம் நான் நான்கு மணித்தியாலம் நின்றேன். வெளியே வந்து, "கொப்பி இல்லையாம்" என்றார். அதன் பிறகு எந்தச் சோதனையிலும் அவர் அறைதான் முதல். ஒரு வருடத்துக்குள் கனடா போய்விட்டார். அந்தக் கணக்கை அவர் திரும்ப எழுதவே இல்லை.

அண்மையில் தொலைக்காட்சியில் சொன்னார்கள்: விழுந்த லேசர் ஒளியைவிட அதிக சக்தியைக் குறுணி வெளிவிட்டதாம். அன்று மாலையே கனடாவிலிருந்து அவருடைய தொலைபேசி அழைப்பு. "கண்டனீரே பிள்ளை? எரிஞ்சிட்டுது!" கிழவரின் குரல் துள்ளியது. எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "உங்கட வரிசைக்கு ஒருத்தரும் போகேல்லை எண்டு பொலிசில சொன்னவங்கள். பிறகு உம்மை இழுப்பாங்கள் எண்டு, பஸ்ஸில துலைச்சிட்டன் போல எண்டு சொல்லி வந்தனான்."

"மன்னிச்சிருங்க சேர்" என்றேன்.

"அந்தக் கறுப்புத் தாளையும் எரிச்சுப்போட்டீரோ?"

"இல்ல சேர். இருக்கு."