நன்றி சொல்லாமல் விட்ட ஒரே பெயர்

சின்ன வயதில் டிவியில் விளையாடிய தாவிக் குதிக்கும் கேமைப் பார்த்து, அதே மாதிரி நானும் ஒன்று செய்து போன வாரம் இங்கே போட்டிருந்தேனே?

தினமும் கூட வரும் மேரி அக்கா இன்று கீரனூர் பஸ்ஸில் அதை விளையாடி முடித்தார்.

கடைசியில் நன்றிப் பெயர்கள் ஓடின. பெரிய மாமா, சின்ன மாமா, சித்தப்பாக்கள், மச்சான்கள். விட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒருவர் விடாமல் போட்டிருந்தேன்.

"எல்லாம் சரி தம்பி. அந்தப் பழைய கேம நாங்களும் வெளாண்டுருக்கோம்ல. அதச் செஞ்சவுங்க பேரு எங்க?"

இல்லை. பத்திரிகை அடித்து மாப்பிள்ளை பெயரையே விட்ட மாதிரி விட்டிருக்கிறேன். திருச்சி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்தப் பழைய கேமைச் செய்தவர்கள் பெயரை முதல் வரியில் போட வேண்டும். அந்த வரியில் இருக்கும் பெரிய மாமாவிடம் யார் போய்ச் சொல்வது?