றிபாத்துக்கு இன்று பூட்டு

அப்துல் ஸமட் காக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அது இல்லாவிட்டால் அவர் பார்க்கிற வேலையைப் பார்க்க முடியாது. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள வயல் கண்டத்துக்கு அவர்தான் வட்டவிதானை; ஊர் வாயில் 'வட்டான'. மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் காணாது. இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால் என்று முறை வைத்துத் திறப்பதும் பூட்டுவதும் அவர் பொறுப்பு. பூட்டிய வாய்க்காலின் ஆட்கள் அன்று முழுவதும் அவரை ஏசுவார்கள். திறந்ததும் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். முறை வைத்து ஏச்சு வாங்குகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவரே எங்கள் கிரிக்கெட் கழகத்துக்கும் மனேஜர். நான் அந்தக் கழகத்தின் விக்கெட் காப்பாளன், மற்ற நேரத்தில் ஓட்டோ ஓட்டுகிறவன். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் றிபாத் எறிகிற பந்தைப் பிடித்துப் பிடித்து என் இடது உள்ளங்கை பழுத்த பப்பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிக் குறைப்பட மாட்டேன். அவன் ஓடி வரும்போது எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரனின் முகம் மாறுவதை மிகக் கிட்டத்தில் இருந்து பார்க்கிறவன் நான்தானே.

றிபாத், ஸமட் காக்காவின் மனைவி றாஹிலாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். ஆகவே மனேஜரும் பந்து வீச்சாளனும் ஒரே கூரையின் கீழ். காலையில் ஒரே கேத்தல் தேத்தண்ணி, பகலில் ஒரே சட்டிக் கறி.

போன வருடம் ஊரில் சுற்றுப்போட்டிக்கு மேல் சுற்றுப்போட்டி. ஆட்டம் இறுகினால் தலைவர் பந்தைத் தூக்கி றிபாத்திடம் போடுவார். அவனும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். ஒரு நாள் காலையில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. கீழ் முதுகு எலும்பில் வெடிப்பு. மாதக்கணக்கில் பாயில் கிடந்தான். அவனைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிக்க வார்த்ததும் ஸமட் காக்காதான். ஊருக்கு இது தெரியாது. மருந்து கொண்டு போய்க் கொடுத்ததால் எனக்குத் தெரியும். எலும்பு பொருந்திய பிறகு டொக்டர் சொன்னது இதுதான்: பந்து போடலாம், ஆனால் இடைவெளி விட்டுப் போட வேண்டும். இன்னொரு முறை வெடித்தால் பந்தை மறந்துவிட வேண்டும்.

"இடைவெளி விட்டு எண்டா முறைத் தண்ணிதானே," என்றார் ஸமட் காக்கா. "அத நான் பாத்துக்கொள்றன்."

"எண்ட தம்பிட முதுகு இனி உங்கட பொறுப்பு," என்றார் றாஹிலா. அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இந்த வருடம் கழகத்தில் மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள். றிபாத், காரைதீவில் இருந்து வரும் கிசோக், நிந்தவூர்ப் பொடியன் ஒருவன். ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு பேருக்குத் திறப்பு, ஒருவருக்குப் பூட்டு. வாய்க்கால் பாஷையிலேயே அறிவிப்பார். "றிபாத்துக்கு இண்டைக்குப் பூட்டு." முதல் தடவை நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். றிபாத் சிரிக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மச்சினன் மேலே வந்துவிடுவான் என்று பொறாமை என்றார்கள் சிலர். மச்சினனைப் பொத்தி வைத்துக் கழகத்தைக் கெடுக்கிறார் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் எப்படி ஒரே மனிதருக்குப் பொருந்தும் என்று எவரும் யோசிக்கவில்லை. அரையிறுதியிலும் றிபாத்துக்குப் பூட்டு விழுந்தபோது, மைதானக் கரையில் நின்ற ஒருவர் கையை உயர்த்திக் கத்தினார்: "வட்டான, தண்ணிக்கு முறை வெக்கலாம், விக்கெட்டுக்கு முறை வெக்கலாமா?"

"உண்ட வயலுக்கும் நாளைக்குப் பூட்டுத்தான், போ!" என்று ஸமட் காக்கா திருப்பிக் கத்தினார். அன்று கிசோக் எதிரணியைச் சுருட்டி எங்களை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனது அவருடைய நல்ல காலம்.

றிபாத் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே வரவில்லை. பூட்டு நாள்களில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒலுவில் பக்கம் காற்று வாங்கப் போகிறேன் என்று போய்விடுவான். வீட்டில் மச்சானுடன் பேச்சு இல்லை. உப்பு ஸமட் காக்காவின் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும் அக்காவிடம்தான் கேட்பான்: "ராத்தா, உப்ப இங்கால தரச் சொல்லுங்க." ஸமட் காக்கா பேசாமல் உப்பைத் தள்ளி வைப்பார். கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டார். இறுதிப் போட்டிக்குத்தான் அவனுக்குத் திறப்பு இருக்கிறதே.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழன் காலையில் றாஹிலாவிடமிருந்து அழைப்பு. "நஸீம், ஓட்டோவக் கொண்டு வாங்க. தம்பிக்கு முதுகு." அவ்வளவுதான் சொன்னார்.

நான் போனபோது றிபாத் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். றாஹிலாவின் கோபம் கணவர் மேல் பாய்ந்தது. "பூட்டி வெச்சிரிக்கன், பூட்டி வெச்சிரிக்கன் எண்டீங்களே. என்னத்தப் பூட்டினீங்க?" கண்டம் முழுவதற்கும் பதில் சொல்கிற மனிதர் விரல் விட்டு நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். தான் போட்ட முறையில் எங்கே பிழை என்று தேடுகிற முகம். பார்க்கப் பாவமாக இருந்தது.

மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, குழிகளைத் தவிர்த்து மெதுவாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். சந்தியில் வாகன நெரிசல். பக்கத்தில் மீன் பெட்டியோடு வந்து நின்ற மோட்டார் சைக்கிள்காரன், ஒலுவிலுக்குப் பக்கத்துப் பாலமுனை ஆள், எட்டிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"டேய் றிபாத்! போன கிழமை எங்கட டீமுக்கு என்னமாப் போட்டாய்! அப்பிடி ஒரு பந்த ஒலுவில்ல ஒருத்தனும் கண்டதில்ல. இந்தக் கிழமையும் வருவாய்தானே?"

நெரிசல் கலைந்து அவன் போய்விட்டான்.

"எத்தின நாள் போட்டாய்?" என்று கேட்டார் ஸமட் காக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பூட்டின நாளெல்லாம்." றிபாத் தலையைத் தூக்கவில்லை. "கை அரிப்புத் தாங்க ஏலாம இரிந்திச்சி மச்சான். மென்பந்துதானே, ரெண்டு ஓவர்தானே, ஒண்டும் ஆகா எண்டு நினைச்சன்."

"பந்து மென்பந்து. முதுகும் மென்முதுகாடா?"

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கி இருந்தது. "வரம்ப வெட்டித் தண்ணி களவெடுக்கிறவன எல்லாம் கண்டத்துல புடிச்சிரிக்கன். எண்ட ஊட்டுக்குள்ள வெட்டுறதக் காணாம இரிந்திட்டனே," என்றார். றாஹிலா கணவரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு கணவரின் தோளில் கையை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கக் கொண்டு போனார்கள். நாங்கள் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஸமட் காக்கா உட்காருவார், எழும்புவார், வாய்க்குள் ஓதுவார், திரும்பவும் உட்காருவார். பந்து போடாவிட்டால் இவன் என்ன ஆவான் என்று நினைத்துப் பார்த்தேன்; முடியவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பழைய வெடிப்பு நல்லாப் பொருந்தி இருக்கு. புதுசா ஒண்டும் இல்ல. இது தசை பிடிச்சது. கொஞ்ச நாள் பந்தத் தொட வேணாம்." பிறகு படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மேல ஒவ்வொரு கடினபந்து மெச்சும் போட்டிருந்தா இப்பிடி இருந்திருக்காது. யாரோ புண்ணியத்துக்கு இடையில நிப்பாட்டி இருக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. ஸமட் காக்கா வெளியே வந்து, வாங்கு காலியாக இருக்க, நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைச் சாரன் நுனியால் துடைத்தார். எனக்கும் நெஞ்சில் இருந்து நெல் மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் ஏச்சு தொடங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி வீட்டு வாசல் வரைக்கும் ஒரே ஏச்சு. கழுதை, கள்ளன், கண் கெட்டவன், ஒன்றையும் விடவில்லை. வலி ஊசி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த றிபாத், எல்லாவற்றுக்கும் "ஓம் மச்சான், ஓம் மச்சான்" என்று தலையாட்டிக்கொண்டு வந்தான். நல்ல நாளில்கூட நான் அந்தப் பாதையை அவ்வளவு சந்தோஷமாக ஓட்டியதில்லை.

இறுதிப் போட்டியில் தோற்றோம். றிபாத் இருந்திருந்தால் என்று கரையில் இன்னும் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். அவன் ஆட்டம் முழுவதும் மனேஜருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கிசோக்குக்குக் கை தட்டினான்.

போட்டி முடிந்த இரவு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோறு போடுவதற்கு முன் றிபாத் உள்ளே போய், ஆணிச் சப்பாத்துச் சோடியைக் கொண்டு வந்து மச்சானுக்கு முன்னால் வைத்தான்.

"இத நீங்க வெச்சிக்கொள்ளுங்க. தொறக்கிற நாளைக்குத் தந்தாக் காணும்."

ஸமட் காக்கா அவனைப் பார்த்தார். எழும்பிப் போய், சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அலுமாரித் திறப்பை வாய்க்கால் கதவுத் திறப்புகள் கோத்த சாவி வளையத்தில் மாட்டிக்கொண்டு வந்து சோற்றின் முன் உட்கார்ந்தார்.

றிபாத் கறியை வாயில் வைத்துப் பார்த்தான்.

"மச்சான்," என்றான், "அந்த உப்ப இங்கால தாங்க."