தொண்டையால் ஊதிய சுரம்

எங்கள் வேதக்கோயில் பாண்டு வாத்தியக் குழுவில் ஐந்து பேர். அதில் கட்டுப்பல் எனக்கு மட்டுந்தான். மேல்வரிசையில் எட்டுப் பல், ஒரே தகடு. அதோடு ட்ரம்பெட் ஊதலாம். நாக்கை உதறி ஊதத்தான் முடியாது.

நாக்கை உதறுவதென்றால், ஊதிக்கொண்டே நாக்கு நுனியை மேலண்ணத்தில் ‘ர்ர்ர்’ என்று அதிரவிடுவது. சுரம் மாறாது, நடுங்கும். திருநாளில் அது சிரிப்பது போலக் கேட்கும். குருநகரில் எங்கள் வட்டாரத்துக் கடற்றொழிலாளி ஒருவர் இறந்தால், கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டியை அவருடைய வள்ளத்தின் முன் இறக்கி, ஒரேயொரு சுரத்தை அப்படி ஊதுவோம். அப்போது அது விம்மல். ஆண்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

என் அண்ணையும் கடலுக்குப் போனவர்தான். போன மாரியில் படுக்கையில் விழுந்த அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

“வேற ஆரும் வேண்டாம். நீதான் ஊதோணும். சுரம் பிழைச்சுதெண்டா பெட்டியிலயிருந்து எழும்பி வந்து ஏசுவன்.”

பல்லைப் பற்றிச் சொன்னேன். அது உன்ரை பாடு என்றுவிட்டார்.

எனக்கு நித்திரை போயிற்று. தகட்டைக் கழற்றினால் உதட்டுக்குப் பிடிப்பில்லை; போட்டால் நாக்கு அதிர்ந்ததும் கழன்று விழுகிறது. பத்துத் தரம் முயன்றால் பத்துத் தரமும் அதே கதை. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் மரியாதையாகவே பகிடி விட்டார் டிரம் அடிப்பவர்: “சேர், சைக்கிள் ரியூப் ஒட்டுற பசை பூசிப் பாப்பமே?”

கடைசியில் வேறு வழி கண்டேன். ஊதும்போதே தொண்டையால் இன்னொரு சுரத்தை முனகுவது. இரண்டும் உரசிக் கரகரத்த நடுக்கம் ஒன்று வரும். விம்மல் என்றே எனக்குப் பட்டது.

மாரி முடியமுன் அண்ணை போய்விட்டார். வள்ளத்தின் முன் பெட்டியை இறக்கினார்கள். மற்ற நால்வரும் வாத்தியங்களைத் தாழ்த்தினார்கள். நான் முனகிக்கொண்டே ஊதினேன். சுரம் பிழைக்கவில்லை, நெஞ்சின் அடியிலிருந்து வந்தது.

பெட்டியைப் பிடித்தபடி நின்ற மச்சாள், அண்ணையின் மனைவி, அதுவரை அழாதவர், என் பக்கம் திரும்பினார்.

“நிப்பாட்டுங்கோ தம்பி. ரெண்டு மாசமா ராவு ராவா நான் கேட்ட இருமல் உது.”

நிறுத்தினேன். பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைவரை மற்றவர்கள் வாசித்தார்கள். நான் பின்னால் நடந்தேன்.

அண்ணை கேட்ட சுரத்தில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறேன். மீதியைக் கல்லறையில் ஊத மச்சாளின் சம்மதம் வேண்டும். முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையும் வந்து போயிற்று. இன்னும் கேட்கவில்லை.