டென்மார்க்கின் நாலு மணி இருட்டு

மூத்த மகளுக்கு டென்மார்க்கில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் முதல் நாளே, "இஞ்ச உங்கட கனடா மாதிரிக் குளிர் இல்லை அக்கா" என்றா. நான் குளிரைப் பற்றிக் கேட்கவேயில்லை. கேட்காததுக்கு ஏன் பதில் என்று அன்றே மனதுக்குள் ஒன்று உறுத்தியது. பிள்ளையைக் கொடுத்துவிட்டால் பிறகு கடல் தாண்டித்தானே போய்ப் பார்க்க வேண்டும்.

கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டில் காலமை சாமி கும்பிட்டதும், போனில் இரண்டு இடத்துக் குளிரையும் பார்க்கத் தொடங்கினேன். எங்களுக்கு மைனஸ் ஒன்பது. அவர்களுக்கு நாலு. மறுநாளும் நாலு. அவ்வளவு வடக்கில் இருக்கிற நாட்டில் இது எப்படி?

"சுத்திவரக் கடல். அதுதான் குளிரை விடுதில்லையாம்" என்றார் கணவர்.

"கடலும் அவையின்ர பக்கமோ?"

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. காலமை பத்து மணிக்கு நானும் மாப்பிள்ளையின் தாயும் வீடியோவில் கதைப்போம், அங்கே பின்னேரம் நாலு. அங்கே எப்போதும் லைற் போட்ட அறை, யன்னலில் இழுத்து மூடிய திரை. ஒரு வெள்ளி அவ, "பொறுங்கோ அக்கா, விளக்கு வைச்சிட்டு வாறன்" என்று எழும்பிப் போனா. நாலு மணிக்கு யார் விளக்கு வைப்பார்கள்?

"எனக்குக் காட்டத்தான் உந்தப் பக்தி" என்றேன் கணவரிடம்.

"நீ காலமை பத்து மணிக்குப் பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு கதைக்கிறாய். அது ஆருக்குக் காட்ட?"

அடுத்த வெள்ளி நேராகவே கேட்டுவிட்டேன். "ஒரு மாசமா உங்கட வீட்டில வெய்யிலை நான் காணேல்லை. என்னத்தை மறைக்கிறியள்?"

அவ எழும்பித் திரையை விலக்கிப் போனை யன்னலுக்குப் பிடித்தா. வெளியே மழைத் தூறலில் தெருவிளக்கு எரிந்தது. நாலு மணிக்கே பொழுதுபட்டிருந்தது.

"குளிர் இல்லை எண்டது உண்மை அக்கா. இருட்டைப் பற்றிச் சொல்லேல்லை. சொன்னால் பிள்ளையைத் தரமாட்டியள் எண்டு பயம். வந்த முதல் வருசம் நான் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்து அழுதனான். நீங்கள் கோடையில வந்து பாக்க வேண்டாம். மார்கழியிலயே வாங்கோ."

மார்கழியில் நல்ல காரியத்துக்குப் போவதா? எனக்கு மனம் வரவில்லை. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள், "அம்மா, நாங்கள் சம்பந்தம் பேசப் போகேல்லை. வெதர் செக் பண்ணப் போறம். பாத்திட்டுத்தான் நான் ஓமோ இல்லையோ சொல்லுவன்" என்றாள்.

அன்று பின்னேரம் பிள்ளையாருக்கு முன், வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இல்லை என்று பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது.

"சந்தேகம் எண்டால் இன்னொருக்கா எடுத்துப் பார்" என்றார் கணவர். அந்த மனுசனுக்குப் பகிடி. நான் எடுக்கவில்லை.

மறுநாள் அவவுக்குப் போன் எடுத்து, நானும் மகளும் ஒரு கிழமைக்கு வருகிறோம் என்றேன்.

"வாங்கோ. ஒரு நாள் வெய்யில் எறிச்சாலும் எறிக்கும். அதைப் பாத்து ஏமாந்திடாதேங்கோ அக்கா."

போனை வைத்த கையோடு கணவரிடம் டிக்கெட்டைப் போடச் சொன்னேன்.