செல்வமலர் ரீச்சர் லட்டு கொடுத்த நாள்

பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது அழைப்பு வந்தது. பேசியவர் செல்வமலர் ரீச்சரின் தம்பி ராஜன். “சேர், அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. விடியக் காலமை நெஞ்சு நோகுதெண்டவா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினனாங்கள்.” அந்த ‘உடனே’ என்னைப் பிடித்துக்கொண்டது.

அவரோடு படிப்பித்த எங்கள் எல்லோருக்கும் அந்த நெஞ்சு நோவு தெரியும். படியேறும்போது பாதியில் நின்று, யாராவது பார்த்தால் சேலையைச் சரிசெய்வது போல் பாவனை செய்வார். முன்பொருமுறை ஆஸ்பத்திரியில் இதயத்தின் பெரிய இரத்தக் குழாய்களைப் படமெடுத்தார்கள். அடைப்பு இல்லை. “ஒண்டுமில்லை, வீட்டை போங்கோ” என்றார் மருத்துவர். கேட்டு மகிழவேண்டிய செய்திதான். ரீச்சரோ முகம் வாடித் திரும்பினார். ராஜன் வாய்வு என்று முடிவுகட்டி இஞ்சித்தண்ணீர் அவித்துக் கொடுத்தார். ரீச்சர், பாவம், குடித்தார். பிறகு நோகிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டார்.

ஆனால் புவியியல் ரீச்சர் அல்லவா? அடுத்த தடவை மருத்துவரையே கேட்டிருக்கிறார்: “பெரிய றோட்டெல்லாம் பார்த்தனீங்கள். சின்ன ஒழுங்கையளையும் பார்த்தனீங்களோ?” மருத்துவர் முதலில் சிரித்தாராம். பிறகு யோசித்து, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொழும்புக்கு அனுப்பினார்.

திரும்பி வந்தவர் ஆசிரியர் அறையில் லட்டுப் பெட்டியைத் திறந்தார். என்ன விசேஷம் என்றேன்.

“எனக்கு வருத்தம் இருக்காம் சேர்! சின்னக் குழாயளுக்கை போதிய இரத்தம் ஓடுதில்லையாம். படத்திலை காட்டினவை.”

நோய் வந்ததற்கு இனிப்புக் கொடுத்த வேறொருவரை நான் கண்டதில்லை. மாத்திரைகளால் நோவு குறைந்தது, முற்றாகப் போகவில்லை. ஆனால் அதன்பிறகு படியில் தாராளமாக நின்று மூச்சு வாங்கினார். ஒரு படம் எப்படி இதைச் செய்தது என்று அவரிடமே கேட்டேன். “நோவைத் தாங்கலாம் சேர். பொய்க்காறி எண்ட பேரைத்தான் தாங்கேலாது” என்றார். அந்தப் பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அரியாலையில் செத்தவீட்டில் ராஜன் என் கையைப் பிடித்தபடி இருந்தார். “வாகனத்திலை ஏத்தேக்கை, ‘நம்பிறியோ தம்பி?’ எண்டு கேட்டவா சேர். ‘ஓம் அக்கா’ எண்டன். சிரிச்சவா.”

லட்டின் இனிப்பை மறந்துவிட்டேன். நோகிறது என்று யாராவது சொன்னால், முதலில் “எங்கை?” என்று கேட்கிறேன். ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.