உள்ளே தகடா, வெளியே தகடா

திருப்பதியில் என் பேரன் கார் ஷெட் வைத்திருக்கிறான். போன மாதம் அங்கே போயிருந்தபோது, டர்போ வண்டி ஒன்றில் இருந்து கழற்றிய இன்டர்கூலரைக் குறுக்கே அறுத்து மேசைமேல் வைத்திருந்தான். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும், அழுத்தினால் காற்று சூடாகிவிடும், அந்தச் சூட்டை ஆற்றுகிற பெட்டி இது என்றான். பார்த்தால் குழாய்க்கு வெளியேயும் சீப்பு மாதிரி தகடு, குழாய்க்கு உள்ளேயும் மடித்து மடித்து வைத்த தகடு. உள்ளே ரொம்ப நெருக்கி வைத்தால் காற்றுக்கு மூச்சு முட்டுமாம். உள்ளே ஒன்றும் வைக்காமல் வெளியே மட்டும் வைத்தால், குழாயின் நடுவில் ஓடுகிற காற்று சுடச்சுடத் தப்பித்துப் போய்விடுமாம். எது முக்கியம் என்று அவனும் அவனுடைய கூட்டாளியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வழக்கை எங்கள் வீட்டில் அறுபது வருஷத்துக்கு முன்பே தீர்த்தாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவளே நான்தான்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில் எங்கள் கரும்புத் தோட்டம். தோட்டத்து ஓரமாகவே வெல்லம் காய்ச்சுகிற ஆலை. கரும்பு பிழிய ஒரு ஆயில் எஞ்சின். எஞ்சின் சூடேறாமல் இருக்க, பின்பக்கம் ஒரு பெரிய தண்ணீர் பீப்பாய். பீப்பாய்த் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, ஒரு இரும்புக் குழாய் வழியாகத் திரும்பப் பீப்பாய்க்கே வரும். அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. பீப்பாய்க்கு அடிக்கடி புதுத் தண்ணீர் மாற்ற முடியவில்லை. உச்சி வெயிலுக்குள் எஞ்சின் கொதித்து நின்றுவிடும். பிழிந்த சாறு கொப்பரைக்குப் போகாமல் புளித்துப்போகும்.

இதே சமயத்தில் வீட்டில் இன்னொரு கொதிப்பும் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவின் தங்கை, என் அத்தை, கல்யாணத்துக்கு இருந்தாள். நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, கார்வேட்டிநகரத்தில் நிலம் நீச்சோடு ஒரு மாப்பிள்ளை பார்த்து வந்து, வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அம்மாவுக்கோ தன் தம்பிக்கே அத்தையை எடுக்க ஆசை. அந்த மாமா திருப்பதியில் லாரி ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். மலைப்பாதையில் கொதித்து நின்ற லாரிகளின் ரேடியேட்டரைப் பிரித்து மூட்டுவதுதான் அவருக்குத் தொழில். எப்போது வந்தாலும் நகக்கண்ணில் கருப்பு இருக்கும். நைனாவுக்கு அதுதான் குறை.

அம்மா விடவில்லை. ராத்திரி பகலாகக் காதில் ஓதினாள். கடைசியில் நைனா எரிச்சலோடு சொன்னார்: "என் எஞ்சின உன் தம்பி நிக்காம ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் பொண்ணு கத பேசலாம்."

மறுநாளே மாமா சாமான் பையோடு வந்து இறங்கினார். குழாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே தகடு ஒட்டினால் காற்று சூட்டை இழுத்துக்கொள்ளும் என்றார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அவருடைய யோசனை.

"சூடு உள்ள கீது மச்சான். திருடன் வூட்டுக்குள்ள பூந்துட்டான், நீ தெருவுல நின்னுகினு தேடுவியா?"

"உள்ளயே புடிச்சி உள்ளயே வெச்சிகினா போதுமா மாமா? வெளிய இழுத்துகினு போவ ஆள் வேணாவா?"

சரி, இரண்டையும் செய்து பார்த்துவிடலாம் என்று ஆனது. மண்ணெண்ணெய் டின்களை வெட்டினார்கள். நைனா தகடுகளை நீளமாக மடித்துத் தன் குழாய்க்குள் செருகினார். மாமா தன் குழாயைச் சுற்றி வரிசையாகத் தகடுகளை ஈயம் வைத்து ஒட்டினார். பார்க்க அது மீன் முள் மாதிரி இருந்தது. காலையில் நைனாவின் குழாய், மதியம் மாமாவின் குழாய் என்று நைனாவே முறை வைத்தார். மதிய வெயிலை மாமாவின் தலையில் கட்டியது அம்மாவுக்குத் தெரியும். முணுமுணுத்தாள். மாமா சரி என்றுவிட்டார். ஆட்டம் முடிகிறவரை இரண்டு பேரும் குழாய்ப் பக்கம் வரக்கூடாது, முன்பக்கம் நின்று கரும்பு ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். பீப்பாய் ஓரத்தில் உட்கார்ந்து, விழுகிற தண்ணீரில் கை வைத்துச் சொல்ல என்னைப் போட்டார்கள். ஒருத்தருக்கு மகள், ஒருத்தருக்கு அக்கா மகள். என்னை விட்டால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் கிடையாது.

நைனாவின் தண்ணீர் முதலில் நன்றாகவே ஆறி வந்தது. கை வைத்தேன், வெதுவெதுப்புதான். ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விரல் கனமானது, பிறகு நூல் கனமானது, பிறகு சொட்டியது. எஞ்சின் பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் பீப்பாயில் பறந்து விழுந்த கரும்புச் சக்கையெல்லாம் உள்தகட்டில் போய் அடைத்திருந்தது. சூட்டைப் பிடிக்கப் போன தகடு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுவிட்டது.

மாமா மரியாதையாகத்தான் கேட்டார்: "திருடன புடிக்க வந்த போலீசு வாசலயே அடச்சிகினு நின்னா, வூட்டுக்காரன் எப்டி மாமா வெளிய வருவான்?"

கொப்பரை அடுப்புக்கு நெருப்புத் தள்ளிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை.

மதியம் மாமாவின் குழாயைப் பொருத்தினார்கள். தண்ணீர் தடையில்லாமல் பீப்பாயில் கொட்டியது. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கரும்புத் தோகை ஒன்றுகூட ஆடவில்லை. தகடு தகடாகக் காற்றுக்குக் காத்துக்கொண்டு நின்றது குழாய். நான் கை வைத்துப் பார்த்தேன். சூடு ஏறிக்கொண்டே இருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கரும்பு மறைவில் இருந்து அத்தை வந்தாள். இடுப்பில் குடம், தோளில் ஒரு கோணிச் சாக்கு. ஆலைப் பக்கமே வராதவள். கரும்புத் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, சாக்கைக் குழாயின்மேல் போர்த்தி, குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். போனாள், இன்னொரு குடம் கொண்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. மாமா செய்த குழாய் அழகாக இருக்கிறது, தூசி படியாமல் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கரும்புக் குவியல் தீர்ந்து எஞ்சின் சத்தம் அடங்கும்போது அத்தை சாக்கைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தாள். நைனா, மாமா, ஆட்டம் பார்க்க வந்திருந்த பெரியப்பா மூன்று பேரும் பின்பக்கம் வந்தார்கள். எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"தண்ணி எப்டி கீது?" என்று நைனா கேட்டார்.

"ஜில்லுனு கீது நைனா."

கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னேன். நைனா குழாயின் கிட்டே போய் ஒரு தகட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவர் நின்ற இடத்தில் மண் சேறாகிக் கால் விரல் புதைந்திருந்தது. குனிந்து பார்த்தார். கிணற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு மாமாவிடம், "உன்னிதுதான் மச்சான் ஜெயிச்சது" என்றார். பெரியப்பாவிடம், கார்வேட்டிநகரத்துக்கு ஆள் அனுப்பி, வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார்.

பெரியப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் கண்ணிலும் அந்தச் சேறு பட்டது. "அது சரி, இந்தக் காய்ச்சல் வெயில்ல இங்க மட்டும் எங்கேந்துடா வந்துச்சி இவ்ளோ ஈரம்?" என்று கேட்டார்.

"கொழா ஒழுவுது," என்றார் நைனா.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை நேரமும் கண்ணெடுக்காமல் காவல் இருந்தவள் நான். "ஒழுவல நைனா, ஒரு சொட்டுகூட ஒழுவல. நான் பாத்துகினேதான் இருந்தேன்" என்றேன்.

"ஒழுவுச்சி. உனுக்குத் தெரியாது, போ. போயி பாகு வாங்கித் துன்னு."

ஜெயித்த மனுஷன் செய்த நல்ல குழாய்மேல், தோற்ற ஆத்திரத்தில் இப்படி அபாண்டமாகப் பழி போடுகிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது. மாமாவுக்காக அன்று முழுக்க நைனாவோடு பேசாமல் இருந்தேன்.