அத்தான் இறங்காத சரிவு

என் அத்தானுக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய முழங்கால்களுக்கு எழுபது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மருத்துவமனையில் பிசியோதெரபி பார்ப்பதுதான் என் பிழைப்பு, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முப்பது வருடமாகத் தரையில் மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டுகிற மனிதருக்கு வேறு என்ன மிஞ்சும்? அந்தக் கால்களை வைத்துக்கொண்டு ஸ்கேட்போர்டில் ஏறப் போகிறேன் என்று அவர் சொன்ன அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவரை அவருடைய ஸ்கேட்போர்டுப் பலகைகள் சுவரில்தான் இருந்தன. அக்கா வீட்டு நடு அறையில் ஜன்னலைத் தவிர மீதி இடமெல்லாம் பலகை. மொத்தம் முப்பத்தொன்று, எல்லாமே அரதப் பழசு. அவை வந்ததும் அவர் தொழில் வழியாகத்தான். பழைய தரையைப் பெயர்க்கும் முன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில், ஓடாத மின்விசிறிக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் நடுவில், எப்போதோ அந்த வீட்டுப் பிள்ளை ஓட்டிய பலகை ஒன்று சில சமயம் கிடக்கும். "இதத் தூக்கிப் போடப் போறீங்களா?" என்று அத்தான் கேட்பார். அவர் கேட்கிற தொனியில் எந்த வீட்டுக்காரருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது.

வீட்டுக்கு வந்ததும் பலகையைப் பிரித்துப் போடுவார். சக்கரங்களைத் தாங்குகிற இரும்பு அச்சைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி முடுக்குவார். பிறகு அடிப்பக்கத்து ஓவியமும் சக்கரமும் நம்மைப் பார்க்கிற மாதிரி சுவரில் மாட்டி, கோணாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பார். மாட்டிய பலகையை அதன் பிறகு யாரும் தொடக்கூடாது, அவர் உட்பட. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற என் அக்காவுக்கு இது பெரிய தமாஷ். "வீட்ல நூத்தி இருபத்திநாலு சக்கரம் இருக்கு. ஒண்ணாவது உருளுதா?" என்பாள்.

பலகை பார்க்க வருபவர்களுக்கு ஒரு கதையும் கிடைக்கும். பதினைந்து வயதில் அத்தான், சித்தப்பா கப்பலிலிருந்து கொண்டுவந்த பலகையில், எங்கள் மருத்துவமனையின் சாய்தளத்தில் இறங்கியிருக்கிறார். முதல் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்காகக் கட்டியது அது. வழவழவென்று மெழுகிய சிமெண்ட், நடுவில் ஒரு திருப்பம். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இவரைப் பிடித்துப்போனது என்று அக்கா வாய் ஓயாமல் சொல்வாள்.

போன மாதம் பழைய கட்டடத்தைக் காலி செய்து புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். சாய்தளத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று அதன்மேல் வரி வரியான டைல்ஸ் போட முடிவானது. அந்த வேலை வந்து சேர்ந்த இடம் அத்தான். அளவெடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். நோயாளிகள் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாப்ள, இன்னும் மூணு வாரத்துல வேலை ஆரம்பிக்கணும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவ அதுல இறங்கணும்."

"உங்க முட்டிய நான் பாத்திருக்கேன், அத்தான். மாடிப்படி இறங்குறதுக்கே அது அழும்."

"அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

திட்டினேன். எலும்பு, தசை, சவ்வு என்று தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்குக் காலைல வர்றியா?" என்றார். கல்லில் முட்டிக்கொள்வதும் அவரோடு பேசுவதும் ஒன்றுதான்.

அக்கா கார் பழக்குகிற திடலில், அவள் மாணவர்கள் வருவதற்கு முன் ஒத்திகை. சுவரிலிருந்து ஒரு பலகை பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக இறங்கி வந்தது. வேலைக்குக் கட்டுகிற, சிமெண்ட் படிந்த முழங்கால் உறைகளைக் கட்டிக்கொண்டு ஏறினார். நேராகப் போகும்வரை அழகாகத்தான் போனது. இடது பக்கம் சாய்ந்தார். பலகை வலது பக்கம் திரும்பியது. ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம்.

தூக்கிவிட ஓடினேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. பலகையைக் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். முப்பது பலகைகளிலும் அதே தப்பு.

விஷயம் இதுதான். ஒவ்வொரு அச்சிலும் ஒரு தடித்த போல்ட் உண்டு. முன் அச்சின் போல்ட்டும் பின் அச்சின் போல்ட்டும் பலகையின் நடுவை, ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். அத்தான் அவற்றை வெளிப்பக்கம் பார்க்க மாட்டியிருந்தார். தேய்த்துப் பளபளப்பாக்கிய நட்டு இரண்டு முனைகளிலும் எடுப்பாகத் தெரியும், சுவரில் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. அப்படி மாட்டினால் பலகை நாம் சாய்கிற பக்கத்துக்கு எதிராகத் திரும்பும். பலகையில் நிற்காத ஒருவருக்கு இது ஆயுசுக்கும் தெரிய வராது.

அவர் முழங்காலில் ஐஸ் பையை வைத்தபடி நான் கேட்டேன்: "அந்தச் சரிவுல இறங்குன ஆளுக்கா அத்தான் இது தெரியல?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நான் இறங்கல மாப்ள."

மேலே போய் நின்றாராம். ஒரு கால் பலகை மேல், ஒரு கால் தரையில். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து இறங்கிவிட்டாராம். வாசலுக்கு வெளியே காத்திருந்த நண்பர்கள் "இறங்கிட்டியா?" என்று கேட்டதற்கு "ஆமா" என்றாராம். அதோடு பலகையில் ஏறுவதை விட்டுவிட்டார்.

"ஒரு 'ஆமா'தான் சொன்னேன். அது முப்பத்திநாலு வருஷமா என்கூடவே வருது. உங்க அக்காகிட்டயும் அதத்தான் சொன்னேன். இப்ப அந்தச் சரிவ நானே என் கையால மூடப்போறேன். அப்புறம் அது பொய்யாவே நின்னுடும்."

நான் கோபக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் அவரைத் திட்ட என்னால் முடியவில்லை. அந்த ஒரே நாளில் அவர் முப்பத்தொன்றையும் கழற்றித் திருப்பி மாட்டினார். சுவரில் பழைய பளபளப்பு போய்விட்டது. பார்க்க வந்தவர்களிடம், "இத்தன நாளா தப்பா மாட்டியிருந்தேங்க" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். பெரிய நிபுணர் என்று பேர் வாங்கிய ஒருவருக்கு இது லேசான காரியமா? எனக்கு வந்திருக்காது.

அடுத்த பதினைந்து நாளும் காலையில் நான் தொடைக்குப் பயிற்சி கொடுத்தேன், அவர் திடலில் ஓட்டினார். எட்டு முறை விழுந்தார். ஒன்பதாவது தடவை விழப்போய் விழாமல் நின்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் வேலை ஆரம்பம். கட்டடத்தில் ஈ காக்காய் இல்லை, சாவி அத்தானிடம். டைல்ஸ் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. "பழைய ஞாபகத்துக்கு ஒரு தடவ இறங்குறாராம்" என்று மட்டும் சொல்லி அக்காவையும் கூட்டி வந்தேன். வந்தவள் போனும் கையுமாக நின்றாள். அவளுடைய மாணவி ஒருத்தி வண்டியை எங்கோ மேட்டில் நிறுத்திவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டுட்டு மூச்ச விடுங்க" என்று அக்கா சொல்லும்போதே மேலே சக்கரச் சத்தம் கேட்டது.

காலி கட்டடத்தில் அந்தச் சத்தம் இடி மாதிரி உருண்டு வந்தது. திருப்பத்தில் ஒரு கணம் தேய்ந்தது. பிறகு அத்தான் தெரிந்தார். முழங்கால் மடங்கி, இரண்டு கையும் விரிந்து, வாய் பிளந்து. எங்களைத் தாண்டிப் போய், வாசல் அருகே தடுமாறி இறங்கி, நின்றார். விழவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்.

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் வந்தீங்களா?"

ஆமாம் என்றால் முடிந்தது. இனி அது ஒருவருக்கும் கேடில்லாத பொய். நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மூச்சு வாங்க என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இல்லம்மா. அன்னைக்கு நடந்துதான் வந்தேன். பயந்துட்டேன். உன்கிட்ட சொன்னது பொய்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "எத்தன பேர்கிட்ட நானே பெருமையா சொல்லியிருக்கேன்!"

"தெரியும்."

போனில் "மேடம், மேடம்" என்று குரல் வந்துகொண்டிருந்தது. அக்கா அதை அணைத்துப் பையில் போட்டாள். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. பையைத் தரையில் வைத்தாள்.

"அப்ப இதுதான் முதல் தடவையா?"

"ஆமா."

"நான் போன்ல இருந்தேன். ஒழுங்காப் பாக்கல. ஏறிப் போங்க, திரும்ப வாங்க."

அத்தான் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் முழங்கால் சொடக்குப் போடுகிற சத்தம் கீழேவரை கேட்டது. இன்றைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தவன் நான்தான். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். மேலே சக்கரம் உருளத் தொடங்கியதும், அக்காவின் வலது கால் தன்னாலே முன்னால் நகர்ந்து, இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டது.